கரோல் பாக்கும் கார்னிட்டினும்: வலுவூட்டி ஒன்றின் வரலாறு

தில்லி கரோல் பாக்கின் பெரிய கடைத்தெருவுக்கு அஜ்மல் கான் சாலை என்று பெயர். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியிலும், ஏனைய நகரங்களில் போலவே, உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர்கள் எல்-கார்னிட்டின் குப்பிகளை வாங்குகின்றனர். கொழுப்பை எரித்து ஆற்றல் தரும் என்பது அதன்மீதுள்ள நம்பிக்கை. அந்நம்பிக்கையின் வரலாற்றைச் சாலைக்குப் பெயர் தந்த மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம்.

ஹக்கீம் அஜ்மல் கான் (1868–1927) யூனானி மருத்துவர். கரோல் பாக்கில் அவர் நிறுவிய ஆயுர்வேத யூனானி திப்பியா கல்லூரிக்கு 1916இல் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். 1921இல் காந்தியடிகள் அதனைத் திறந்துவைத்தார். யூனானி மருந்துகளுள் ‘மாவுல் லஹம்’ என்றொரு வலுவூட்டி உண்டு. அரபு மொழியில் ‘இறைச்சி நீர்’ என்று பொருள். இறைச்சியையும் மூலிகைகளையும் வாலையிலிட்டு வடித்தெடுப்பது அது. இறைச்சியின் வலுவைச் சாறாகப் பிரித்துவிடலாம் என்னும் இதே எண்ணம் ஐரோப்பாவிலும் நிலவியது. ஜெர்மானிய வேதியியலர் லீபிக்கின் பெயரால் இறைச்சிச் சாறு 1860களிலிருந்து பெருமளவில் விற்பனையாயிற்று.

அத்தகைய சாற்றை ஆராய்ந்தே 1905இல் மாஸ்கோவில் குலெவிட்ச், கிரிம்பெர்க் ஆகிய இருவரும் கார்னிட்டினைப் பிரித்தெடுத்தனர். இறைச்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே பெயருக்கும் மூலம். (யூனானி வடிநீரில் இதனை எதிர்பார்க்க இயலாது; கார்னிட்டின் ஆவியாகாத பொருளாதலின் வாலையின் அடியிலேயே தங்கிவிடும்.)

பிரித்தெடுத்த பின்னும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அதன் பணி விளங்கவில்லை. மாவுப்புழுவின் வளர்ச்சிக்குத் தேவையான ஒரு பொருளைத் தேடிய பிராங்கெல் அதற்கு ‘வைட்டமின் பி-டி’ எனப் பெயரிட்டார்; அது கார்னிட்டினே என்பது 1952இல் தெரியவந்தது. கல்லீரலில் கொழுப்பமிலம் எரிவதை அது விரைவுபடுத்துவதை 1955இல் இர்விங் ஃபிரிட்ஸ் காட்டினார். நீண்ட கொழுப்பமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாமாகக் கடக்க மாட்டா. அவற்றை ஏற்றிச் செல்லும் ஓடமே கார்னிட்டின். தசையில் அது குறைந்துபோன நோயாளி ஒருவரைப் பற்றி 1973இல் எங்கெல், ஆஞ்செலினி ஆகியோர் எழுதினர். உண்மையான குறைபாடு உடையோருக்கு அது மருந்து என்பதில் ஐயமில்லை.

வணிகம் இங்கிருந்து ஒரு தாவல் தாவியது. ஓடம் இல்லையேல் கொழுப்பு கரை சேராது என்பது உண்மை. ஓடங்களைக் கூட்டினால் கூடுதல் கொழுப்பு எரியும் என்பது அவ்வுண்மையிலிருந்து பெறப்படுவதன்று. 1982இல் இத்தாலிக் கால்பந்து அணி உலகக் கோப்பையை வென்றதற்குக் கார்னிட்டினே காரணம் என்றொரு வதந்தி பரவியது. விற்பனைக்கு அதுவே போதுமானதாயிற்று. நலமுள்ளோரின் தசையிலோ இரத்தத்தைக் காட்டிலும் பன்மடங்கு கார்னிட்டின் ஏற்கெனவே செறிந்துள்ளது. சைவ உணவினரின் உடலும் லைசின், மெத்தியோனின் ஆகியவற்றிலிருந்து அதனை ஆக்கிக்கொள்கிறது. கிராம் கணக்கில் விழுங்கும் கார்னிட்டினில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குடல் ஈர்க்கிறது. எஞ்சியதைக் குடல் நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன. அதன்வழித் தோன்றும் டி.எம்.ஏ.ஓ. என்னும் பொருள் இதயக்குழாய் நோயுடன் தொடர்புடையது என 2013இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. சில வாரங்கள் தொடர்ந்து உண்டும் தசையில் அளவு உயரவில்லை என்பதே 1990களின் ஆய்வுகள் கண்டது.

தசையின் கதவைத் திறக்கும் வழியை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் கண்டனர்: இன்சுலின். 2011இல் வெளியான அவர்களது ஆய்வில் 24 வாரங்கள், நாளுக்கு இருமுறை, 80 கிராம் மாவுச்சத்துடன் கார்னிட்டின் தரப்பட்டது. தசைக் கார்னிட்டின் ஏறத்தாழ 21 விழுக்காடு உயர்ந்தது. பயிற்சித் திறனும் கூடியது. ஆயின் கொழுப்பைக் குறைக்க விரும்புவோர் ஆறு மாதம் நாள்தோறும் 160 கிராம் மாவுச்சத்தைக் கூடுதலாக உண்பரோ? குப்பியின் மேலட்டை இதனைச் சொல்வதில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. உடலில் கார்னிட்டின் உண்டாவதைத் தடுக்கும் லாட்விய மருந்தான மெல்டோனியமும் விளையாட்டு வீரர்களிடையே ஊக்கமருந்தாகவே பரவியது. 2016 சனவரி 1 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அதனைத் தடைசெய்தது. கார்னிட்டின் அப்பட்டியலில் இல்லை. கூட்டுவதும் குறைப்பதும் ஒரே பயனுக்கென்று நம்பப்பட்டன!

கரோல் பாக்கில் நிகழ்ந்த வேறொரு கதை இதற்கு நேர்மாறானது. அஜ்மல் கானின் விருப்பப்படி, பிராங்க்ஃபர்ட்டில் பயின்று திரும்பிய வேதியியலர் சலீமுஸ்ஸமான் சித்திகி திப்பியா கல்லூரியில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். மரபு மருத்துவம் நெடுங்காலமாகப் போற்றிய சர்ப்பகந்தா வேரை நற்பெயரோடு விட்டுவிடாமல் பகுத்தாய்ந்து, 1931இல் அதன் காரப்பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதற்குள் ஹக்கீம் மறைந்துவிட்டார்; அவர் நினைவாகவே அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். அது இதயத் துடிப்பின் மீது என்ன செய்கிறது, எந்த அளவில் தீங்காகிறது என்பவை பின்னர் வந்தோரால் படிப்படியாகச் சோதிக்கப்பட்டன. ஐரோப்பிய மருத்துவமனைகளில் புருகாடா என்னும் இதய நோயைக் கண்டறிய இன்றும் அது, இதய மின்வரைவைக் கண்காணித்தபடியே, சிரை வழியே செலுத்தப்படுகிறது.