பின்னிரவு இழுப்பு

அப்பாவுக்கு ஆஸ்துமா இழுப்பு வருவது பின்னிரவில்தான். தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, விடியும்வரை உட்கார்ந்தே இருப்பார்.

அந்த நேரக்கணக்கு மிகப் பழையது. இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு மருத்துவர் ஜான் ஃப்ளாயர் தாமே ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். உறக்கத்தைக் கலைக்கும் இரவு இழுப்பைப் பற்றி 1698இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். காரணம் பின்னால்தான் தெளிந்தது: உடலின் நாள்கடிகாரப்படி கார்டிசோல், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் இரவில் குறைகின்றன, விடியலுக்கு முன் மூச்சுக்குழல் மிகவும் சுருங்குகிறது.

1980களில் மருத்துவர்கள் மெல்லக் கரையும் தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்தை மாலையில் கொடுத்து, அதன் உச்சம் அந்த விடியலுக்கு முந்திய நேரத்தில் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் மருத்துவரும் மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றினார். அதற்குப் பிறகுதான் அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினார்.

நேரத்தை நாமாக மாற்றக் கூடாது. ஆனால் இழுப்பு எத்தனை மணிக்கு வருகிறது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.