பெர்ன்ஹில் அரண்மனை, உதகமண்டலம்

ஸ்காட்லாந்து மலைநாட்டில் செல்வர்கள் வேட்டைப் பருவத்தில் தங்க மாளிகைகள் கட்டினர். உதகமண்டலத்தில் உள்ள பெர்ன்ஹில் அரண்மனையும் அத்தகைய பருவகால மாளிகையே. 1844இல் கட்டப்பட்ட இதனை, 1873இல் மைசூர் அரச குடும்பம் வாங்கிக் கோடை இல்லமாக்கியது.

புதுச்சேரித் தமிழர் வீடுகளின் நடுமுற்றம் வெப்பத்தை வெளியேற்றத் திறந்திருக்கும். மலையில் தேவை நேர்மாறானது. பெர்ன்ஹில்லின் சரிந்த கூரை மழைநீரை வடிக்கிறது. கணப்படுப்புகள் அறைகளைச் சூடாக்குகின்றன. கூரை விளிம்பின் செதுக்கு மரப்பலகைகள் சுவிஸ் மலைவீட்டுப் பாணியைச் சேர்ந்தவை. நடனக்கூடத்தின் உட்கூரை அலங்காரம் காகிதக்கூழால் ஆனது.

இதே மழைக்கும் குளிருக்கும் ஏற்ப, நீலகிரியின் தொல்குடிகளான தோடர்கள் மூங்கில், பிரம்பு, புல் கொண்டு, வளைந்த கூரையும் தவழ்ந்து நுழையும் சிறு வாயிலும் உடைய வீடுகளை முன்பே கட்டி வந்தனர். நீலகிரிக் கட்டடக்கலை வரலாறு, அரண்மனையிலிருந்து அன்று, அவ்வீடுகளிலிருந்தே தொடங்க வேண்டும்.