மனைநிலமும் நீர்ப்போக்கும்
‘சுருங்கை’ என்னும் சொல்வழி ஓர் ஆய்வு

பழந்தமிழ் நகரங்களைப் பற்றி எழுதிய அறிஞர் பலரும் மதில், மாடம், மறுகு ஆகியவற்றை விரித்துரைத்துள்ளனர். அம்மாடங்களைத் தாங்கிய நிலம் எங்ஙனம் செப்பஞ் செய்யப்பட்டது, மனையில் விழுந்த மழைநீரும் புழங்கிய நீரும் எவ்வழிச் சென்றன என்னும் வினாக்கள் அத்துணை எண்ணப்பட்டில. நூலும் செப்பேடும் அகழாய்வும் இவ்வினாக்கட்குத் தரும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

1. நிலந் தேர்தலும் மட்டஞ் செய்தலும்

மனைநிலத்தைச் சோதிக்கும் முறையை ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையிற் கூறுகின்றார். ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே அதில் மீள இடல் வேண்டும். மண் எஞ்சினால் நிலம் தலையாயது, ஒத்தால் இடைப்பட்டது, குறைந்தால் கடைப்பட்டது. மண் எஞ்சுதல் நிலம் இறுகியிருந்தமையைக் காட்டும். குறைதல் அது பொலபொலப்பானது என்பதை உணர்த்தும். சுவரின் பாரம் தாங்குமோ என அறியும் சோதனை இது. குழியில் நீர் நிரப்பி நூறடி சென்று மீண்டு, நீர் குறையாதிருத்தல் கண்டு நிலத்தை நன்றென்னும் மற்றொரு சோதனையும் ஆங்கு உண்டு.

நீரை எளிதில் உறிஞ்சாத இறுகிய நிலம் கட்டடத்துக்கு ஏற்றதே. ஆயின் மழைநீர் அதன்மேல் தேங்கும். அதனாற் சாய்வு இன்றியமையாததாயிற்று. சாய்வைக் கூறுமிடத்து அந்நூல் வருணத்திற்கொரு திசை வகுத்துள்ளமை நோக்கத்தக்கது. நீரோடும் இயல்பு பற்றிய அறிவு சமுதாயப் பாகுபாட்டோடு பிணைக்கப்பட்டமைக்கு இது சான்று.

தமிழில், நெடுநல்வாடை அரண்மனை வகுத்த முறையைக் கூறுகின்றது. இருகோல் நட்டு, நிழல் சாயாத நண்பகலில் திசை குறித்து, நூலறிந்தோர் கயிறிட்டு மனை வகுத்தனர். கோல் நிழலாற் பிழையின்றித் திசை காணற்கு நிலம் சமமாதல் வேண்டும். சூரிய சித்தாந்தமும் நீரால் மட்டம் பார்த்த தளத்திலேயே வட்டமிடுக என விதிக்கின்றது. ஆகவே, நெடுநல்வாடை வெளிப்படக் கூறாவிடினும், நிலத்தைச் சமன்செய்தல் அத்தொழிலின் முதற்படி என உய்த்துணரலாம்.

திசை காணச் சமநிலமும் நீர் போகச் சாய்நிலமும் வேண்டப்பட்டன. மாறுபட்ட இவ்விரு தேவைகளையும் இசைவித்தலே மனைத்தொழிலின் நுட்பம். இச்சாய்வைக் கொத்தர் இன்றும் ‘வாட்டம்’ என்றே வழங்குகின்றனர்.

2. சுருங்கை

இவ்வாட்டத்துக்கு இலக்கியம் தரும் சான்று ‘சுருங்கை’ என்னும் சொல்லாகும். இஃது அருத்தசாத்திரத்தில் ‘சுருங்கா’ என நிலவறை வழியைக் குறிக்க வருதலின், யவனச் சொல்லிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். பிறப்பு எதுவாயினும், தமிழில் அதன் ஆட்சி எத்தகையது என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

பரிபாடலில், கூடல் மதிலிடத்துச் சுருங்கை வழியே பாயும் நீர், களிறு கையுயர்த்து விடும் நீரோடு ஒப்பிடப்படுகின்றது. மணிமேகலையில், வஞ்சி மாநகர் மனைகளில் மகளிர் குளித்த மணநீர் சுருங்கைத் தூம்பின் வழியே அகழியைச் சேர்கின்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, யானைநிரை இயங்கும் இடமாகச் ‘சுருங்கை வீதி’யைச் சுட்டுகின்றது. யானைநிரை இயங்கும் இடத்தை நோக்க, சுருங்கை என்பதற்கு ஒடுங்கிய வழி எனப் பொருள் கோடல் பொருந்தாது. மூன்றிடத்தும் ஒக்கப் பொருந்துவது ‘மேல்மூடிய வழி’ என்னும் பொருளேயாம்.

மணிமேகலைச் செய்தி தனிச் சிறப்புடையது. மூடிய தூம்பில் நீர் தானே ஓடி அகழியை அடைய வேண்டுமாயின், மனைத்தளத்தினும் தூம்பின் அடியும், அதனினும் அகழியின் நீர்மட்டமும் படிப்படியே தாழ்ந்திருத்தல் வேண்டும். இடையில் ஒரு மனை தாழினும் அழுக்குநீர் அம்மனையிலேயே தேங்கும். எனவே சுருங்கை என்பது தனி மனையின் உறுப்பன்று. ஊர்முழுதும் ஒருங்கு எண்ணி அமைக்கப்பட்ட வாட்டத்தின் பெயர் என்பது போதரும்.

3. நத்தமும் வாய்க்காலும்

சோழர் ஆவணங்கள் இக்கருத்துக்கு வேறொரு வகையில் துணை செய்கின்றன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், ஊர்தோறும் இறையிலியாக நீக்கப்பட்டவற்றுள் ஊர்நத்தம், குளம், ஊரினூடே செல்லும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகின்றன. குடியிருப்பு நிலமும் நீர் செல்லும் நிலமும் விளைநிலத்தினின்று பிரித்து அளக்கப்பட்டன என்பது இதனாற் பெறப்படும். குடியிருப்புகளே நத்தம், சேரி எனப் பிரிந்து நின்றமையும் உடன் பெறப்படும். ஆனைமங்கலச் செப்பேடு சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கவும், கிணறு இழிக்கவும் உரிமை வழங்குகின்றது. வாய்க்கால் நீரைப் பிறர் மறிப்பதை விலக்குகின்றது. வீடு கட்டும் உரிமையும் நீர்வழியின் காப்பும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றன.

4. அகழாய்வுச் சான்று

1945ஆம் ஆண்டு அரிக்கமேட்டில் வீலர் நிகழ்த்திய அகழாய்வில் செங்கற் தொட்டிகளும் வடிகால்களும் வெளிப்பட்டன. மதுரைக்குத் தென்கிழக்கேயுள்ள கீழடியில், 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில், ஒன்றனோடொன்று பொருத்தப்பட்ட சுடுமண் குழாய்கள் கிடைத்தன. இவையே பரிபாடல் கூறும் சுருங்கை எனத் துணிதல் மிகையாகும். எனினும் நீரை மறைவழியே செலுத்தும் தொழில் தமிழர்க்குப் புலவர் கற்பனையன்று என்பதற்கு இவை போதிய சான்றாம்.

முடிபு

மேற்கூறியவற்றால், பண்டையோர் மனைநிலத்தைச் செப்பஞ் செய்தல் என்பது மேடு தட்டிப் பள்ளம் நிரப்பும் அளவில் நில்லாது, நீர் சென்றுசேரும் இடம்வரை நோக்கியது என்பது விளங்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய பின்னர், வயலும் ஏரியும் மனைகளாக்கப்பட்ட முறை பலராலும் வினவப்பட்டது. தன் மனையை மட்டும் உயர்த்துவோன் நீரை அயலான் மனைக்கே அனுப்புகின்றான். இத்தவற்றிற்கு இடந்தராத ஊரமைப்பு ஒன்று நம் மொழியில் ஒரு சொல்லாகவே நிலைபெற்றுள்ளது. ‘சுருங்கை’க்கு நிலவறை என்னும் அளவில் உரை கண்டு அமையாது, நகரமைப்புக் கலைச்சொல்லாகவும் அதனைக் கொள்ளல் வேண்டும் என்பதே எம் துணிபு.