மரத்தடியில் ஏற்றிய விளக்கு

திருமலைக் குன்றின் பாறையில் இராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளதை நம் பங்கு மக்கள் அறிவர். கடல் கடந்தும் கங்கை வரையிலும் அம்மன்னன் வென்ற நாடுகளின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அக்கல்வெட்டு எழுந்த காரணம் வேறு. ஒரு வணிகரின் மனைவி, குந்தவை சினாலயத்தில் விளக்கெரிக்கப் பொருள் கொடுத்தார். அந்தத் தருமத்தைப் பதிவு செய்யவே கல் வெட்டப்பட்டது. அரசனின் வெற்றிகளெல்லாம் அந்த விளக்குக்கு முன்னுரையாக நிற்கின்றன.

இந்த யூபிலி மலரில் ஆலயம் எழுந்த வரலாற்றைப் பிறர் எழுதியுள்ளனர். நாம் இங்கே எழுத விழைவது, நம் வட்டாரத்தில் வேறொரு விளக்கை ஏற்றியவர்களைப் பற்றி. தூர தேசத்து மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கொண்டு, நம் நாட்டில் தொழுநோய்ப் பணியை வழிநடத்திய சிலரின் வரலாறு இது.

ஆரணியிலிருந்து வந்தவாசி வழியாகக் கிழக்கே சென்றால் மதுராந்தகம் வட்டாரம் வரும். அங்குள்ள பொலம்பாக்கம் என்னும் சிற்றூருக்கு 1955-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டிலிருந்து ஒரு சிறு குழுவினர் வந்து சேர்ந்தனர். குழுவின் தலைவர் மருத்துவர் பிரான்ஸ் ஹெமெரிக்ஸ். 1902-இல் பிறந்த அவர், 1929 முதல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் பணியாற்றியவர். அவரோடு வந்தவர்களுள் மருத்துவர் கிளேர் வெல்லூட்டும், செவிலியர் சிமோன் லியேஜுவாவும் குறிப்பிடத்தக்கவர்கள். இவ்விருவரும் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். பொதுநிலைப் பெண்களாகவே தங்களை இறைபணிக்கு அளித்தவர்கள்.

அந்நாளில் தொழுநோய் என்றாலே ஊருக்கு வெளியே ஒரு விடுதி கட்டி, நோயாளிகளை அதில் அடைத்து வைப்பதே வழக்கம். 1898-ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. அதனால் நிகழ்ந்தது என்ன? நோய் கண்டவர்கள் அஞ்சி ஒளிந்துகொண்டனர். ஒளிந்தவர்களிடமிருந்து நோய் வீட்டாருக்குப் பரவியது. முற்றிய பிறகே அவர்கள் வெளியே வந்தனர். அதற்குள் விரல்கள் மடங்கிப் போயிருந்தன.

ஹெமெரிக்ஸ் இந்த முறையைத் தலைகீழாக மாற்றினார். நோயாளி மருத்துவரைத் தேடி வரவேண்டாம். மருத்துவர் நோயாளியைத் தேடிச் செல்லட்டும் என்றார். வாரத்தில் இன்ன நாள் இன்ன ஊர் என்று வகுத்துக்கொண்டு ஜீப் வண்டி புறப்படும். சாலையோரத்து மரத்தடியே மருத்துவமனை. அட்டையைப் பார்த்துப் பெயரை அழைப்பார்கள், தேமலைச் சோதிப்பார்கள், புண்ணைக் கழுவிக் கட்டுவார்கள், டாப்சோன் மாத்திரைகளை எண்ணிக் கையில் கொடுப்பார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்து தன் வேலையைச் செய்யலாம். மாத்திரை விலை மலிவு. மரநிழலுக்கு விலையே இல்லை. பெரிய கட்டடம் கட்டும் செலவில் பல்லாயிரம் பேருக்கு மருந்து கொடுக்க இயலும் என்பதை இம்முறை காட்டியது. பிற நாட்டவரும் வந்து இதைக் கண்டு சென்றனர்.

இதில் நாம் சிறப்பாக நினைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்தே ஆண்டுகளில், 1960-இல், அவர்கள் அந்த நிலையத்தை அரசிடம் ஒப்படைத்தனர். ஹெமெரிக்ஸ் வேறு நாடுகளுக்கு ஆலோசனை கூறப் புறப்பட்டார். பொறுப்பை ஏற்ற கிளேர் அம்மையார் அரசு நிலையத்திலேயே இருபது ஆண்டுகள் அளவில் உழைத்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். ஹெமெரிக்ஸ் 1969-இலும், அம்மையார் 2013-இலும் இறைவனடி சேர்ந்தனர்.

பெல்ஜியத்தில் இப்பணியைத் தாங்கியவர்கள், மொலொக்காய்த் தீவின் தொழுநோயாளரோடு வாழ்ந்து 1889-இல் அதே நோயால் இறந்த தந்தை தமியானின் பெயரில் 1964-ஆம் ஆண்டு ஓர் அறநிறுவனத்தை அமைத்தனர். அத்தந்தையைத் திருச்சபை 2009-இல் புனிதராக உயர்த்தியது. 1992-இல் அந்நிறுவனத்தின் இந்திய அறக்கட்டளை சென்னையில் தோன்றியது. வெளிநாட்டார் நடத்திய பணியை நம் நாட்டவரே நடத்தும் நிலை வந்தது.

நமக்கு இன்னும் அண்மையில் உள்ள சேத்துப்பட்டைப் பாருங்கள். ஜெர்மனியின் வூர்ஸ்புர்க் நகரில் 1957-ஆம் ஆண்டு ஹெர்மன் கோபர் என்ற பத்திரிகையாளரும் அவருடைய நண்பர்களும் தொழுநோயாளருக்கு உதவ ஒரு சங்கம் தொடங்கினர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஏழை நாடுகளின் நோயாளிகளைப் பற்றிக் கேள்வியுற்றுச் சும்மா இருக்க மனமில்லாத சாதாரண மக்கள். அச்சங்கத்தின் துணை, சேத்துப்பட்டு புனித தோமையார் மருத்துவமனை வாயிலாக நம் பக்கத்து ஊர்களையும் எட்டியது.

இத்தகையோரை வழிநடத்துநர் என்கிறோம். மேடையில் அமர்வதும் மாலை வாங்குவதும் தலைமை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இவர்களோ, காசு கொடுத்தவர்க்குக் கணக்குக் காட்டினர்; நோயாளியின் அருகே தரையில் அமர்ந்தனர்; காலம் வந்தபோது பொறுப்பைப் பிறர் கையில் கொடுத்தனர். இம்மூன்றிலும் கடினமானது மூன்றாவதே என்பதை நம் சங்கங்களின் தேர்தல்களைக் கண்டவர்கள் ஒப்புக்கொள்வார்கள்!

இவ்விடத்தில் நம் குறை ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். குருமடத்தில் பயின்ற காலத்தில், குணமடைந்த தொழுநோயாளர் வாழும் குடியிருப்பு ஒன்றுக்கு மாணவர்களாகச் சென்றோம். ஒரு பாட்டி மடங்கிய விரல்களால் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தாகம் இல்லை என்று சொல்லிவிட்டோம். தாகம் இருந்தது. ஆண்டவர் தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய பகுதியின்மேல் அதே வாரம் நாம் தேர்வும் எழுதியிருந்தோம். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அந்தச் செம்பு இன்றும் கண்முன் நிற்கிறது.

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். 1980-களில் கூட்டு மருந்து முறை வந்தபின் நோய் வெகுவாகக் குறைந்தது உண்மை. 2005-இல் நாடு முழுமைக்கும் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. 1898-ஆம் ஆண்டுச் சட்டமும் 2016-இல் நீக்கப்பட்டது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில்தான் உள்ளனர்.

சில ஆண்டுகளுக்கு முன் பூசை முடிந்து அனைவரும் சென்றபின் ஒரு நெசவாளர் நம்மிடம் வந்தார். பாவில் அறுந்த இழையை முடிக்கும்போது விரலுக்கு இழை தெரிவதில்லை என்றார். கையில் வெளிறிய தேமல் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லையாம். "தெரிந்தால் பாவு தரமாட்டார்கள், சாமி. பெண்ணுக்கு வரனும் வராது" என்றார். மருந்து கிடைத்தது, நோய் நின்றது. ஆனால் சுண்டுவிரல் நிமிரவில்லை. தொடக்கத்திலேயே வந்திருந்தால் அந்த விரல் தப்பியிருக்கும். அவருடைய விரலைக் கெடுத்ததில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, நம் எல்லாருடைய வாய்க்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அன்பார்ந்த பங்கு மக்களே! உணர்ச்சியற்ற தேமல் கண்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ தவறாமல் உட்கொண்டால் நோய் முற்றிலும் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றாத நிலை வந்துவிடும். நோய் கண்டவரைத் தறியிலிருந்து எழுப்பாதீர்கள், பந்தியிலிருந்தும் எழுப்பாதீர்கள்.

யூபிலி விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவோம். அதன்பின் நம் பங்கின் சமூகப்பணிக் குழுவினர், அன்பியம் அன்பியமாக வீடுகளுக்குச் சென்று இதனை எடுத்துரைக்க முடிவு செய்துள்ளனர். நாமும் உடன் வருவோம். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கிப் பருகுவோம்.