கார்ட் வாங்குவதற்கு முன்: கம்பியூட்டரில் எது பலவீனம் என்று தேடிய கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. கேம் விளையாடும் பிள்ளை வீட்டில் இருக்கிற பெற்றோர்கள் பொறுமையாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் போனைப் பிள்ளையின் கையிலும் கொடுங்கள்.

போன பாடசாலை விடுமுறையில் எங்கள் பழைய மாணவன் ஒருவனின் அப்பா வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் வேலை செய்பவர். தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"சேர், பையன் கேம் போட்டா கம்பியூட்டர் இழுத்து இழுத்து ஓடுதுங்கிறான். கடையில கேட்டோம். கிராபிக்ஸ் கார்ட் மாத்தணும்னு சொல்றாங்க. வீட்டுக்காரி தோட்டை அடகு வச்சிரலாம்னு இருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?"

"அண்ணன், ரெண்டு நாள் பொறுங்க. மெஷினை ஒருக்கா பார்த்துட்டுச் சொல்றோம்" என்றோம்.

பார்த்தோம். என்ன கண்டோம் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. ஏனென்றால் "எது பலவீனமோ அதைக் கண்டுபிடி" என்ற கேள்வி கம்பியூட்டரோடு பிறந்ததல்ல. நம் மலைநாடு அதை நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே கண்டிருக்கிறது.

*மாட்டு வண்டியும் ரயிலும்*

கண்டி இராச்சிய காலத்தில் மலைக்கும் கடற்கரைக்கும் இடையே பொருள் கொண்டுபோனது தவளம். பொதி சுமக்கும் மாடுகளின் வரிசைக்குத்தான் அந்தப் பெயர். அந்தத் தொழிலில் நம் முஸ்லிம் மக்கள் பெரும் பங்கு எடுத்தார்கள். மன்னரின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவிலும் அவர்கள் இருந்தார்கள். உப்பும் கருவாடும் துணியும் மேலே வந்தன, பாக்கு கீழே போனது. அன்றைய வியாபாரத்தின் அளவுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஆங்கிலேயர் கோப்பி பயிரிட்டார்கள். காடுகள் தோட்டங்களாயின, விளைச்சல் பெருகியது. ஆனால் அத்தனை கோப்பியும் மாட்டு வண்டியில்தான் கொழும்புக்கு இறங்க வேண்டும். மழை பெய்தால் பாதை சேறாகும், மாடுகளுக்கு நோய் வந்தால் வண்டி நிற்கும். தோட்டத்தில் எவ்வளவு விளைந்தாலும், வண்டி கொண்டுபோகிற அளவுதான் கப்பலில் ஏறும். துரைமார் பலவீனமான இடம் எது என்று சரியாகத்தான் கண்டார்கள். ரயில் கேட்டார்கள். 1858ல் வேலை தொடங்கி, 1867ல் ரயில் கண்டிக்கு வந்தது.

இரண்டே வருடங்களில், 1869ல், கோப்பி இலையில் துருநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பித் தொழில் விழுந்துவிட்டது. பாதை சரியானபோது செடியே பலவீனமான இடமாகிவிட்டது. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலைதான் பிறகு கைகொடுத்தது. ரயில் 1874ல் நாவலப்பிட்டி, 1884ல் ஹட்டன், 1885ல் நானுஓயா என்று மேலே ஏறியது. நாம் தலவாக்கலையில் ஏறுகிற ரயில் ஓடுவது அந்தப் பாதையில்தான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பலவீனம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஓர் இடத்தைச் சரிசெய்தால் அடுத்த இடத்துக்குப் போய்விடும்.

தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கொழுந்து வாட வேண்டும், ரோலரில் அரைபட வேண்டும், புளிக்க வேண்டும், காய வேண்டும், சலிக்கப்பட வேண்டும். வாடுவதற்கு மட்டும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கொழுந்து குவிகிற காலத்தில் வாட்டுகிற இடம் நிரம்பிவிட்டால், காய வைக்கப் புது மெஷின் வாங்கி என்ன பயன்? அது சும்மா நிற்கும்.

*கம்பியூட்டரின் போத்தல் கழுத்து*

இப்போது கம்பியூட்டருக்கு வருவோம். 1945ல் ஜோன் வொன் நியூமன் ஓர் அறிக்கையில் எழுதிய அமைப்புத்தான் இன்றைக்கும் பெரும்பாலான கம்பியூட்டர்களின் அடிப்படை. கணக்குப் பார்க்கும் பகுதி ஒன்று, நினைவில் வைத்திருக்கும் பகுதி ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. கணக்குப் பார்ப்பவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், அந்த வழியாகச் சாமான் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். 1977ல் டியூரிங் விருது உரையில் ஜோன் பேக்கஸ் அந்த வழிக்கு "வொன் நியூமன் போத்தல் கழுத்து" என்று பெயர் வைத்தார். போத்தலின் வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் கழுத்தின் அளவுக்குத்தானே வெளியே வரும். கேம் பிள்ளைகள் இன்று 'பொட்டில்நெக்' என்று சொல்வதும் இதைத்தான்.

அதற்குப் பத்து வருடம் முன்பே, 1967ல், ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கம்பியூட்டரை வடிவமைத்தவர்களில் முதன்மையான ஜீன் அம்டால் ஒரு கணக்கின் அடிப்படையைச் சொன்னார். அதை நம் பாஷையில் சொன்னால் இப்படி. ஒரு வேலைக்கு 100 நிமிடம். அதில் 80 நிமிட வேலையை எத்தனை மடங்கும் வேகமாக்கலாம், மீதி 20 நிமிடத்தை ஒன்றும் செய்ய முடியாது. அந்த 80ஐ ஒரு நொடியாக்கினாலும் 20 நிமிடம் அப்படியே இருக்கும். ஆக, எவ்வளவு பணம் கொட்டினாலும் மொத்த வேகம் ஐந்து மடங்கைத் தாண்டாது.

1995ல் வுல்ஃப், மெக்கீ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னோர் எச்சரிக்கை விடுத்தார்கள். புரோசசரின் வேகம் நினைவகத்தின் வேகத்தை விட விரைவாகக் கூடுகிறது, ஒருநாள் புரோசசர் நினைவகம் என்ற சுவரில் முட்டி நிற்கும் என்றார்கள்.

*கேம்களில் இடம் மாறிய பலவீனம்*

1993ல் 'டூம்' வந்தபோது படம் வரைவது உட்பட எல்லா வேலையையும் புரோசசரே பார்த்தது. 1996ல் 'குவேக்' வந்தது. அதற்குத் தசமக் கணக்குகள் நிறையத் தேவைப்பட்டன. அலுவலக வேலையில் இன்டெல் பென்டியத்துக்கு ஈடுகொடுத்த சைரிக்ஸ் 6எக்ஸ்86 புரோசசர் குவேக்கில் தடுமாறியது. அதே மெஷின் ஒரு வேலைக்குப் பலசாலி, இன்னொரு வேலைக்குப் பலவீனம்.

அதே 1996ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்ட் வந்து, படம் வரையும் வேலையைப் புரோசசரின் தோளிலிருந்து இறக்கியது. 1999ல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 இன்னும் கொஞ்சம் சுமையை எடுத்துக்கொண்டது. அன்று முதல் "கேம் இழுக்கிறதா, கார்டை மாற்று" என்பது வழக்கமாகிவிட்டது. பல நேரம் அது சரிதான். ஆனால் எப்போதும் அல்ல.

அளக்கும் முறையிலும் தவறு இருந்தது. ஒரு நொடிக்கு எத்தனை படம் என்ற சராசரியை மட்டுமே எல்லோரும் பார்த்தார்கள். 2011ல் டெக் ரிப்போர்ட் என்ற அமெரிக்க இணையத்தளம் ஒவ்வொரு படத்துக்கும் எடுக்கும் நேரத்தைத் தனித்தனியாக அளந்து காட்டியது. சராசரி 60 இருந்தும், இடையில் ஒரு படம் கால் நொடி தாமதித்தால் கண்ணுக்கு உதைக்கும். ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. வகுப்பின் சராசரி 60 புள்ளி என்பதால் கடைசி வாங்கில் இருப்பவன் பாஸ் என்று அர்த்தமில்லை.

2021ல் நடந்தது இன்னும் சுவையானது. 'ஜீ.டீ.ஏ. ஒன்லைன்' திறப்பதற்குப் பலருக்கு ஐந்தாறு நிமிடம் பிடித்தது. வருடக்கணக்காக எல்லோரும் தங்கள் மெஷினைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். மென்பொருள் எழுதத் தெரிந்த ஒரு விளையாட்டுக்காரர் உட்கார்ந்து தேடினார். திறக்கும்போது புரோசசரின் ஒரு கோர் மட்டும் முழுப் பாரத்தில் ஓடுகிறது, மற்றவை சும்மா இருக்கின்றன. கேம் கடையின் சுமார் 63,000 பொருட்களின் பட்டியலை மென்பொருள் மிக மோசமான முறையில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் திருத்தியதும் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் குறைந்தது. ரொக்ஸ்டார் நிறுவனம் அவருக்கு 10,000 டொலர் கொடுத்து, கேமையும் திருத்தியது. அதற்குள் எத்தனை பேர் இதற்காகப் புதுச் சாமான் வாங்கினார்களோ!

*வீட்டிலேயே பார்க்கும் வழி*

ஒரு படத்தைத் தயார்செய்ய புரோசசருக்கு 25 மில்லிசெக்கன், அதை வரைய கார்டுக்கு 10 மில்லிசெக்கன் என்று வையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் பின் ஒருவராகப் படங்களைக் கைமாற்றி வேலை செய்கிறார்கள். கிடைப்பது நொடிக்கு 40 படம். இரண்டு மடங்கு வேகமான கார்ட் வாங்கினாலும் அதே 40தான், ஏனென்றால் 25 மாறவில்லை. எனவே பணம் கொடுக்குமுன் இவற்றைப் பாருங்கள்.

1. கேமின் செட்டிங்கில் படத்தின் அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறையுங்கள். வேகம் நன்றாகக் கூடினால் பலவீனம் கார்டில். கூடவில்லை என்றால் கார்டில் பிழை தேட வேண்டாம்.

2. டாஸ்க் மனேஜரைத் திறந்து புரோசசரைப் பாருங்கள். மொத்தம் 30 வீதம் என்று காட்டினால் ஏமாறாதீர்கள். நான்கு கோர்களில் ஒன்று மட்டும் 100ல் நின்று, மற்றவை அதற்காகக் காத்திருக்கலாம்.

3. ரேம் நிரம்பியிருக்கிறதா, ஹார்ட் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறதா? ரேமில் இடமில்லாவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். அப்போது கெட்ட பெயர் டிஸ்குக்கு, குறை ரேமில்.

4. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு இழுக்கிறதா? அது சூடு. காற்றாடியில் தூசு தட்டுங்கள். செலவில்லை.

5. வேகம் எப்போதும் சரியாக 60ல் நிற்கிறதா? உங்கள் திரையின் எல்லை அதுவாக இருக்கலாம். குறை ஒன்றுமில்லை.

6. கேம் சூடுபிடிக்கிற நேரத்தில் மெஷின் தானாக அணைகிறதா? பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.

கடைசியாகச் சொன்னது நம் பக்கத்துக்கு முக்கியமானது. அக்கரப்பத்தனையில் மாலை இடியும், திடீரென்று போய்த் திரும்பி வரும் மின்சாரமும் நமக்குப் பழக்கம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வரை பார்த்தோம். பவர் சப்ளை வெளியே தெரியாத பெட்டி என்பதால் எல்லோரும் அதில்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். அது மோசமாகப் போகும்போது மற்றவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். இடி முழங்கினால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டரிலிருந்து வருகிற வயரையும் கழற்றி வையுங்கள்.

*அந்த அண்ணனின் மெஷின்*

படத்தின் அளவைக் குறைத்தோம், வேகம் அசையவில்லை. ஆக, கார்டில் குறையில்லை. டாஸ்க் மனேஜரில் ரேம் முழுவதும் நிரம்பியிருந்தது, ஹார்ட் டிஸ்க் 100ஐ விட்டு இறங்கவில்லை. மூடியைத் திறந்தோம். 8 ஜீ.பி. ரேம் ஒன்று செருகியிருந்தது, பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. அதே வகையில் இன்னொரு 8 ஜீ.பி., பாவித்த ரேம் ஒன்றைத் தேடிப் போட்டோம். கேம் இழுப்பது நின்றது. செலவு, கடையில் சொன்ன கார்ட் விலையில் சின்னப் பங்கு.

இனி அந்த மெஷினில் பலவீனம் புரோசசரில்தான். அதையும் தம்பிக்குச் சொல்லிவிட்டோம். அவன் கையாலேயே அந்தச் சோதனைகளைச் செய்ய வைத்து, ஒவ்வோர் எண்ணையும் கொப்பியில் எழுத வைத்தோம். "அடுத்ததா புரோசசர் மாத்தணுமா சேர்?" என்று கேட்டான். "நீ விளையாடுற கேமுக்கு இது போதும்டா" என்றோம். கோப்பிக்காரர்களைப் போல பலவீனத்தைத் துரத்திக்கொண்டே போனால் முடிவிருக்காது.

டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ஆனதைப் பார்த்தவர்கள் நாம். வெளிநாட்டிலிருந்து வருகிற எந்தச் சாமானும் இனி நமக்கு விளையாட்டுச் சாமான் அல்ல.

ஆசிரியர்களாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்வியியற் கல்லூரியை முடித்து வந்த முதல் வருடம், கணக்கில் மட்டம் என்று நாங்கள் முடிவுகட்டிய ஒரு பிள்ளை இருந்தாள். மேலதிக வகுப்பு வைத்தோம், வீட்டுக்குச் சொல்லியும் அனுப்பினோம். பல மாதம் கழித்துத்தான் அவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கண்டோம். கண்ணாடி போட்ட பிறகு கணக்கு தானாக வந்தது. அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்ததும் கார்டை மாற்றச் சொன்ன வேலைதான்.

சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் வீட்டில்தான் இருப்போம். மெஷினைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். கட்டணம் எதுவும் இல்லை. தோடு மட்டும் காதிலேயே இருக்கட்டும்.