பட்டறையும் கணக்கறையும்

(‘பொறியியல் படித்த பிள்ளையை நிர்வாகம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?’ என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நான் ஆங் மோ கியோவாசி. எங்கள் புளோக்கின் கீழேயுள்ள காப்பிக்கடையில் அண்மையில் ஒரு நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் பொறியியல் முடித்துவிட்டானாம். அடுத்து அமெரிக்காவுக்குப் போய், பொறியியலையும் வர்த்தக நிர்வாகத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுநிலைப் பட்டம் படிக்கவேண்டும் என்கிறானாம். “சேமிப்பு மொத்தமும் கரைந்துவிடும் போலிருக்கிறதே அண்ணே, அனுப்பலாமா வேண்டாமா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து, இந்தப் படிப்பு எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று தேடிப் படித்தேன். நண்பருக்கான பதில் அந்த வரலாற்றிலேயே இருந்தது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இது நேற்று முளைத்த படிப்பு அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக எம்ஐடி, 1914ஆம் ஆண்டிலேயே ‘பொறியியல் நிர்வாகம்’ என்ற பாடத்தைத் தொடங்கிவிட்டது. காரணம் எளிது. ஆலைகள் பெருத்துக்கொண்டிருந்தன. இயந்திரம் தெரிந்தவருக்குக் கணக்குத் தெரியவில்லை. கணக்குத் தெரிந்தவருக்கு இயந்திரம் தெரியவில்லை. பட்டறைக்கும் கணக்கறைக்கும் நடுவில் ஒரு சுவர் நின்றது. அந்தச் சுவரில் ஒரு கதவு வைக்கத்தான் இந்தப் படிப்பு வந்தது.

1931இல் அதே எம்ஐடி, ஏற்கெனவே வேலையில் இருந்த இளம் நிர்வாகிகளுக்கென ஒரு படிப்பைத் தொடங்கியது. பின்னாளில் அந்தப் படிப்புக்கும், 1964இல் நிர்வாகக் கல்லூரிக்கும் ஆல்பிரட் ஸ்லோன் பெயர் சூட்டப்பட்டது. யார் இந்த ஸ்லோன்? 1895இல் எம்ஐடியில் மின்பொறியியல் பட்டம் பெற்று, பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை நடத்தியவர். 1949இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகமும் தொழில் நிர்வாகத்துக்கென ஒரு பட்டமேற்படிப்புக் கல்லூரியைத் திறந்தது.

1980களில் ஜப்பானியக் கார்களும் மின்னணுப் பொருள்களும் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தன. நம் ஆலைகளில் எங்கே கோளாறு என்று அமெரிக்கர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அதற்கு விடையாக 1988இல், பெரிய உற்பத்தி நிறுவனங்களோடு கைகோத்து, எம்ஐடி ஓர் இரட்டைப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் பொறியியலில் ஒரு முதுநிலைப் பட்டம், நிர்வாகத்தில் ஒரு முதுநிலைப் பட்டம். இடையில் சுமார் ஆறு மாதம் ஒரு நிறுவனத்துக்குள் நின்று, அங்குள்ள உண்மையான சிக்கலுக்குத் தீர்வு காணவேண்டும். 2009இல் அதன் பெயர் மாறியது, வடிவம் மாறவில்லை. சேர விரும்புவோரிடம் வேலை அனுபவத்தையும் அது எதிர்பார்க்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1970களில் ஆங் மோ கியோவில் வீவக வீடுகள் எழும்பிய அதே காலத்தில், பொருளியல் வளர்ச்சிக் கழகம் இளையர்களின் கைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அரசாங்கமும் நிறுவனமும் சேர்ந்து நடத்திய பயிற்சி நிலையங்களில் முதலாவது, 1972இல் இந்தியாவின் டாட்டாவோடு தொடங்கியது. அடுத்து ரோலெய், பிலிப்ஸ். பிறகு ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் நாடுகளின் துணையோடு தொழில்நுட்பக் கழகங்கள் வந்தன. 1992இல் அமைந்த நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியோடு அவை பின்னர் இணைந்தன. அந்தக் கல்லூரிதான் எங்கள் ஆங் மோ கியோ அவென்யூ 8இல் நிற்கிறது. 1984இல் சிங்கப்பூரின் முதல் சிலிக்கன் சில்லு வார்ப்பாலை திறக்கப்பட்டதும் ஆங் மோ கியோவில்தான்.

கைத்திறனுக்கு நமக்குக் குறைவில்லை. ஆனால் 1985இல் என்ன நடந்தது? சுதந்திர சிங்கப்பூர் முதன்முறையாகப் பொருளியல் மந்தநிலையைக் கண்டது. ஆராய்ந்த குழு சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, தொழில் நடத்தும் செலவு கூடிப்போனது. 1986இல் மத்திய சேம நிதிக்கு முதலாளிகள் செலுத்தும் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பட்டறையில் தவறில்லாமல் வேலை பார்த்தவரின் சேமிப்பையும் கணக்கறைத் தீர்ப்பு தொட்டுவிட்டது!

அதே 1986இல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார் பிலிப் இயோ. அவர் படித்த வரிசையைப் பாருங்கள். கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் கனடாவின் டொரோன்டோவில் தொழிலகப் பொறியியல், 1970இல் பட்டம். திரும்பி வந்து தற்காப்பு அமைச்சில் வேலை. 1974இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம். 1976இல் ஹார்வர்டில் எம்பிஏ. படித்தார், உழைத்தார், மறுபடியும் படித்தார். ஹார்வர்டுக்குப் போனபோது கேட்பதற்கு அவரிடம் சொந்தக் கேள்விகள் இருந்தன.

தமிழ்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. டிவிஎஸ் குடும்பத்தின் வேணு சீனிவாசன் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் நிர்வாகம் படித்தார். அவர் தலைமையில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இலும், டிவிஎஸ் மோட்டார் 2002இலும் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றன. ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். அவருக்குத் திரும்பி வர ஒரு தொழிற்சாலை காத்திருந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்குக் காத்திருப்பது கடன் தவணையாக இருக்கலாம்.

எதிர்த்தரப்பு நண்பர்கள் ஜே. ஒய். பிள்ளையைச் சொல்வார்கள். நியாயம்தான். கிள்ளானில் பிறந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பொறியியல் படித்தவர். 1972 முதல் 1996 வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தலைவராக இருந்து அதை உலகறியச் செய்தார். அவரை வளர்த்தது நிர்வாகப் பட்டமன்று, அரசாங்கப் பணியில் கிடைத்த அனுபவம். இது என் வாதத்துக்கு எதிரானதில்லை, துணை நிற்பதே. அனுபவம்தான் முதல் ஆசான்.

அப்படியானால் நிர்வாகம் படிக்கவே வேண்டாமா? அதையும் நான் சொல்லமாட்டேன். 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சீகேட் நிறுவனம் தன் ஆங் மோ கியோ ஆலையை 2010 முடிவுக்குள் மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 2,000 பேரின் வேலை. செலவைக் குறைப்பதே அந்த முடிவின் நோக்கம். இப்படிப்பட்ட முடிவு எடுக்கப்படும் மேசையில், இயந்திரத்தையும் அறிந்து கணக்கையும் பேசக்கூடிய ஒருவர் இருப்பது நல்லது. அந்த ஒருவர் ஏன் நம் பிள்ளையாக இருக்கக்கூடாது?

இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் படிக்க வெளிநாட்டை மட்டுமே நம்பியிருந்த காலமும் போய்விட்டது. 2011இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நாலரை ஆண்டுகளில் பொறியியல் இளநிலைப் பட்டமும் தொழில்நுட்ப நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டமும். இடையில் ஓராண்டு பெர்க்லி, இம்பீரியல் போன்ற வெளிநாட்டுக் கல்விக்கூடங்களில்.

ஆகவே காப்பிக்கடை நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “அனுப்புங்கள் தம்பி, ஆனால் இப்போது வேண்டாம். முதலில் இரண்டு மூன்று ஆண்டு ஓர் ஆலையில் வேலை பார்க்கட்டும். எங்கே பொருள் வீணாகிறது, எங்கே நேரம் வீணாகிறது, மேலே இருப்பவர் ஏன் முடியாது என்கிறார் என்று கண்ணால் பார்க்கட்டும். அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு விமானம் ஏறட்டும்.”

“வேலையில் சேர்ந்தால் படிக்கும் ஆசை போய்விடுமே அண்ணே” என்றார் அவர்.

“இரண்டு ஆண்டில் போய்விடுகிற ஆசைக்கா உங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கப் பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அன்று காப்பிக்குக் காசு கொடுத்தவரும் அவர்தான்.