மான்செஸ்டர் பங்க் இசை

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1976-இல் வேரூன்றிய இசைச் சூழல். ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் ஏற்பாடு செய்ய, அவ்வாண்டு ஜூன் 4 அன்று லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்தது. வந்தவர்கள் சுமார் 40 பேர். 'நானும் அங்கிருந்தேன்' என்று பின்னாளில் சொன்னவர்களுக்கோ கணக்கில்லை. ஆகவே நினைவுக்குறிப்புகளைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். அங்கிருந்த பீட்டர் ஹுக் மறுநாளே பேஸ் கிட்டார் வாங்கினார். பின்னர் அவர் வாசித்த ஜாய் டிவிஷன் குழுவுக்கு வித்து அதுதான். டெவோட்டோ, ஷெல்லியின் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய பணத்தில் 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. நான்கே பாட்டு, ஒவ்வொன்றும் எத்தனையாவது டேக்கில் ஓகே ஆனது என்பதுகூட உறையில் அச்சாகியிருந்தது. அதைத் தயாரித்த மார்ட்டின் ஹானட்டே 1979-இல் ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தையும் தயாரித்தார். பங்கின் இரைச்சல் வடிந்து, எதிரொலியும் இடைவெளியுமான போஸ்ட்-பங்க் ஒலி அதில் துலங்கியது.